திரும்பி வந்த பெட்டி

வெள்ளி, இரவு.

கிள்ளானிலிருந்து அங்கிள் ஒருவர் இன்று எங்கள் நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகங்களை நன்கொடையாகக் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்தால் எல்லாவற்றிலும் எங்கள் முத்திரை. யாரும் இரவல் எடுப்பதில்லை என்று போன வருடம் நாங்களே கழித்தவை.

"எங்க வாங்கினீங்க அங்கிள்?"

"பிரிக்பீல்ட்ஸ்ல, பழைய பேப்பர் கடையில. உங்க தமிழ் ரேக் காலியா கிடக்கு லா, அதான்."

தெலுக் பங்லிமா காராங் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லித்தான் அப்போது தலைமை நூலகர் கமலா அக்கா அவற்றைத் தன் காரில் ஏற்றிப் போனார். பள்ளிக்கூடம் தூக்கிப் போட்டிருக்குமோ? ஆனால் ஒரு புத்தகத்திலும் பள்ளி முத்திரை இல்லை.

அக்காவிடம் பெட்டியைக் காட்டினேன். யார் கொடுத்தது என்றுகூடக் கேட்கவில்லை.

"பழைய சீல் மேலேயே புதுசைக் குத்திரு லா. நல்லா அழுத்திக் குத்து."