கெலுகோர் பஸ்ஸின் கதவு

மார்ச் 8, 1987, ஞாயிறு

பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பிளாஸ்டிக் பஸ் ஒன்று வாங்கினேன். "யாருக்குடி பொம்மை?" என்றாள் ஆத்தா. "எனக்கு" என்றேன். அவள் காதில் விழவில்லை. என் குரல் பெரும்பாலும் யார் காதிலும் விழுவதில்லை.

இதைக் கெலுகோர் ஊருக்குப் போகும் பஸ்ஸாக மாற்றப் போகிறேன். நாலு வருஷம் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்த பஸ். வீட்டுக்கு வந்து பார்த்தால் பொம்மையில் கதவு வலது பக்கம்! எந்த நாட்டுக்குச் செய்தார்களோ. இங்கே அந்தப் பக்கம் இறங்கினால் நடுரோட்டில்தான் நிற்க வேண்டும். கதவையும் எதிர்ப்பக்க ஜன்னலையும் அறுத்து இடம் மாற்ற வேண்டும். ஸ்டீரிங்கையும்.

மார்ச் 10

கொம்தார் கட்டடத்தில் மாடல் சாமான் விற்கும் ரோஹானாவிடம், போன மாதம் பொம்மையிலிருந்து செய்த மீன் லாரியைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தம்பி செய்ததா என்று மலாயில் கேட்டார். தலையாட்டி மறுத்தேன். பிறகு யார் என்றார். என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

ஏப்ரலில் கடையின் கண்ணாடி அலமாரியில் உள்ளூர்க்காரர்கள் செய்ததை வைக்கிறாராம். மாதக் கடைசிக்குள் பஸ்ஸைக் கொண்டுவா, அட்டையில் உன் பேரை எழுதுகிறேன் என்றார். ஆனால் பேரை வாய்திறந்து சொல்ல வேண்டும். இரண்டு தடவை சொல்லவைத்தார்.

மார்ச் 12

படகுத்துறை ஜெட்டியில் நின்ற கெலுகோர் பஸ்ஸைக் குடையால் அளந்தேன். டிரைவர் அப்துல் ஹமீது எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பஸ்ஸுக்குச் சட்டை தைக்கப் போறியா?" ஓடிவிடலாம் என்று இருந்தது. ஓடவில்லை. "சும்மா அளந்துக்கலா, கிளம்பக் கொஞ்ச நேரம் இருக்கு" என்றார். உள்ளேயும் ஏறி அளந்தேன்.

என் பஸ் அசலில் எழுபத்தாறில் ஒரு பங்கு. கைக்குள் அடங்கும்.

மார்ச் 17

ஈப்போவிலிருந்து 29ஆம் தேதி பெண் பார்க்க வருகிறார்கள். பஸ்ஸின் பின் விளக்குக்காகச் சிவப்பு நெய்ல் பாலிஷ் வாங்கி வந்தேன். ஆத்தாவுக்கு ஒரே சந்தோஷம். "இப்பத்தான் பொண்ணாட்டம் ஒண்ணு வாங்கியிருக்கே!"

மார்ச் 18

நெய்ல் பாலிஷ் பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டது. பின்மூலை சுருங்கிப்போனது. அசல் பஸ்ஸிலும் அந்த மூலை நசுங்கித்தான் இருக்கிறது. விட்டுவிட்டேன்.

மார்ச் 24

மெழுகுவர்த்தியில் பிளாஸ்டிக் குச்சியைச் சூடாக்கி இழுத்தால் நூல் மாதிரி வருகிறது. கைப்பிடிக் கம்பிகள் முடிந்தன. சட்டைப் பெட்டியின் கண்ணாடி மாதிரியான மூடி ஜன்னல் ஆயிற்று. தரையில் கிழிந்த டிக்கெட் துணுக்கு ஒன்று போட்டிருக்கிறேன். யாரும் பார்க்கப் போவதில்லை. எனக்குத் தெரியும், போதும்.

"அவங்க வர்ற அன்னைக்கு மட்டும் அந்தக் குப்பையைக் கட்டிலுக்கு அடியில தள்ளிடு. பி.ஏ.ன்னு சொல்லியிருக்கோம்" என்றாள் ஆத்தா. அப்பச்சி, வட்டிக்கடை நடத்தும் கிட்டங்கியின் கணக்கிலிருந்து தலையே தூக்கவில்லை.

வீட்டிலேயே முதல் பட்டம் என்று கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. ஒரு வருஷமாக வேலைக்கு எழுதிப் போடுகிறேன், அந்தப் பட்டத்தை யாரும் கேட்கவில்லை. பஸ்ஸை ஒருத்தி கேட்டிருக்கிறாள். இதில் எது குப்பை?

மார்ச் 28

பஸ் முடிந்தது. கூடத்தில், பட்டத்துக்கு நேர் கீழே அலமாரியில் வைத்துவிட்டேன். கட்டிலுக்கடியில் வைக்க மாட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

வந்தார்கள். மாப்பிள்ளை சாத்தப்பன், பேங்கில் வேலை. அவர் அம்மா முத்தம்மை ஆச்சி. மாப்பிள்ளையின் அக்கா, அக்காவின் சின்ன மகள்.

நான் காப்பி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழந்தை நாற்காலியில் ஏறி பஸ்ஸை எடுத்துவிட்டது. தரையில் வைத்து ஒரே தள்ளு. டிரைவர் பின்னால் பார்க்கும் பக்கக் கண்ணாடி ஒடிந்து சோபாவுக்கடியில் போயிற்று.

"புள்ளை ஆசைப்படுது. பொம்மைதானே, வச்சுக்கட்டும்" என்றார் முத்தம்மை ஆச்சி.

"தாராளமா எடுத்துக்கட்டும் ஆச்சி!" இது என் ஆத்தா.

"குடுக்க முடியாது" என்றேன்.

"என்ன சொல்லுது பொண்ணு? சத்தமாச் சொல்லச் சொல்லுங்க."

சத்தமாகவே சொன்னேன். "குடுக்க முடியாது. அது பொம்மை இல்லை. நான் செஞ்சது."

சாத்தப்பன் சிரித்தார். "நான் வேற வாங்கித் தர்றேன்லா, இதே மாதிரி பத்து. பி.ஏ. படிச்சிட்டு இதையா செய்றீங்க?"

"ஆமா. நல்லாவும் செய்றேன்."

நான்தானா பேசியது? காப்பித் தட்டை மேசையில் வைத்தேன். குரல் நடுங்கவில்லை. குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கை நீட்டினேன். அது உடனே பஸ்ஸை விட்டுவிட்டது. பெரியவர்கள்தான் விடவில்லை. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள்.

மார்ச் 30

ஆத்தாவுக்குக் காலையிலிருந்து ஒரே பேச்சுதான். "ஒரு பிளாஸ்டிக்குக்காக ஒரு சம்பந்தத்தை விட்டுட்டியே."

விட்டேன். அதுக்கென்ன இப்போ? ஒரு பஸ்ஸையே என்கிட்ட விட்டு வைக்காதவங்க வேற எதை விட்டு வைப்பாங்க? நான் ஒண்ணும் அழல, ஒட்டின இடத்துல பூசின புட்டியைத் தேய்ச்ச தூசி கண்ணுல.

பக்கக் கண்ணாடியை மறுபடி ஒட்டினேன். இந்த முறை இன்னும் ஒழுங்காக வந்தது. சாயங்காலம் கொம்தாருக்கு நடந்து போய்க் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 5

அட்டையில் என் பேர். தே. மெய்யம்மை. அப்பச்சி தேனப்பனின் எழுத்தும் முன்னால் நிற்கிறது, அவரைக் கேட்காமலே.

ஏப்ரல் 19

ஈப்போ மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் பெண் முடிந்துவிட்டதாம்.

அப்பச்சி வீட்டுக்கு வர நேரமாயிற்று. கிட்டங்கியிலிருந்து கொம்தார் பக்கமாகச் சுற்றி வந்தாராம். பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் மேசையில் வைத்தார். பிரித்தேன். பிளாஸ்டிக் லாரி.

"இதுலயும் ஸ்டீரிங் தப்புப் பக்கமாத்தான் இருக்கு" என்றார். "கடையில இருந்த எல்லாத்தையும் பார்த்தேன். எல்லாம் அப்படித்தான்."

"பரவால்ல அப்பச்சி, மாத்திக்குவேன்."

"தெரியும்."

அடுப்படியிலிருந்து ஆத்தா கத்தினாள். "இன்னொண்ணா?"

"ஆமா!" என்று நானும் கத்தினேன்.