கத்திக்குப் பிடி போடுகிறவள்

மார்ச் 4, செவ்வாய்

வில் இன்றும் உட்காரவில்லை.

மடக்குக் கத்திக்கு உயிரே வில் என்று முதுகுப் பக்கம் ஓடும் அந்த எஃகுத் துண்டுதான். திறந்தால் திறந்தபடி, மூடினால் மூடியபடி பிடித்து வைப்பது அது. மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கரி பிடிக்கவைத்து, பொருத்திக் கழற்றினால், எங்கே இடிக்கிறதோ அங்கே மட்டும் கரி அழிந்திருக்கும். அந்த இடத்தில் அரத்தால் ஒரு தடவல். மறுபடி புகை, மறுபடி பொருத்தல். காலையிலிருந்து இதே பிழைப்பு. ஒரு தடவல் கூடிப்போனாலும் வில் லொடலொடவென்று ஆடும். பிறகு குப்பைக்குத்தான்.

மாமா எட்டிப் பார்த்து, "நீ அரத்தை வச்சு இரும்பைத் தேய்க்கிறியா, இல்ல இரும்பு உன்னைத் தேய்க்குதா?" என்றார். சிரித்து வைத்தேன். அக்கா புருஷன். சிரிக்காவிட்டால் இரண்டு நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

முன்னறையில் அக்கா கத்தி அலகு அடிக்கிறாள். அவள் சம்மட்டிச் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். என் வேலைக்குச் சத்தமே கிடையாது.

மார்ச் 5

உட்கார்ந்தது! திறக்கும்போது ஒரு 'டக்', மூடும்போது ஒரு 'டக்'. அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலு தடவை திறந்து மூடினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "முனை நல்லா வந்திருக்கு இல்ல?" என்றாள்.

முனை அவள் செய்தது.

மார்ச் 11

பெரிய ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர் வந்திருந்தார். தனக்கென்று ஒரு மடக்குக் கத்தி வேண்டுமாம். பேச்செல்லாம் அக்காவிடமும் மாமாவிடமும்தான். நான் தண்ணீர் கொண்டுபோனபோது அவர் கையைப் பார்த்தேன். வலது கட்டைவிரல் மடங்கவில்லை. பழைய தீக்காயமாம். டம்ளரை நாலு விரலால்தான் பிடிக்கிறார்.

கொஞ்சம் மெழுகைக் கொண்டுவந்து, "ஒரு தடவை இறுக்கிப் பிடிங்க சார்" என்றேன். மாமாவுக்குச் சங்கடம். அவர் பிடித்தார். கட்டைவிரல் எங்கே நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று மெழுகில் அப்படியே பதிந்துவிட்டது. எனக்கு அது போதும்.

மார்ச் 19

பிடிக்கான கொம்பை இழைக்கிறேன். அவசரப்பட்டால் சூடேறி வளைந்துவிடும். கொஞ்சம் அரம், கொஞ்சம் உப்புத்தாள், ஆறட்டும் என்று ஓரமாக வைத்துவிட்டு இன்னொரு பக்கம். விரல் நுனியெல்லாம் வெடித்துப் போய் உப்புப் பட்டால் எரிகிறது. "உனக்குன்னு ஒரு பொறுமை இருக்கு பாரு!" என்கிறார் மாமா. எனக்கா பொறுமை? மூன்று தடவை தூக்கி எறியப் பார்த்தேன். யாரும் பார்க்காததால் பொறுமை ஆகிவிட்டது.

மார்ச் 24

சமையல்காரர் வந்து வாங்கிக்கொண்டார். கையில் எடுத்து, பிடித்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "என் விரலுக்கு இடம் விட்டிருக்கீங்க. இத்தனை வருஷமா எந்தக் கத்தியும் எனக்கு இப்படி உட்காரல" என்றார். கண் கலங்கியிருந்தது.

"கையைப் பார்த்துத்தான் செய்வோம்" என்றாள் அக்கா.

செய்வோம். சரி, அந்த 'வோம்'-க்குள் நானும் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கே மனசு நிறைந்துவிட்டது. என்ன ஜென்மம் நான்!

ஏப்ரல் 2, புதன்

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

சமையல்காரர் ஊரெல்லாம் சொன்னதில், ஒரு பத்திரிகைக்காரப் பெண் அக்காவைப் பேட்டி எடுக்க வந்தாள். நான் பின்னறையில், கையெல்லாம் கரி. நடுவில் பலகைத் தடுப்புதான், எல்லாம் கேட்கும்.

"அந்தக் கைப்பிடி அவ்வளவு அழகா இருக்கே, அதுவும் நீங்கதானா?"

"அதுவா? பிடி, வில்லெல்லாம் வெளியில குடுத்து வாங்குறோம்."

வெளியிலே. பலகைக்கு இந்தப் பக்கமே அவளுக்கு வெளியாகிவிட்டது!

அப்புறம் படம் எடுக்க உள்ளே வந்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "இவங்க?" என்றாள். "என் தங்கச்சி. ஒத்தாசைக்கு இருக்கா" என்றாள் அக்கா. என் முகத்தைப் பார்க்கவில்லை. படத்துக்கு நான் மறைக்கிறேன் என்று மாமா கையால் சைகை காட்டினார். நகர்ந்துகொண்டேன். நகரத்தான் தெரிந்தது.

ஏப்ரல் 3

கேட்டுவிட்டேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

மறைக்கவில்லை அவள். அதுதான் இன்னும் கொடுமை. "உன் பேரைச் சொன்னா நாளைக்கே எவனாவது வந்து உன்னைக் கொத்திட்டுப் போயிடுவான். அப்புறம் நான் வெறும் இரும்பை வச்சுக்கிட்டு என்னடி பண்றது? அந்தாளு கண் கலங்கினது என் அலகைப் பார்த்தா? எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சே சொன்னியா?"

"தெரிஞ்சதாலதான் சொன்னேன்."

இத்தனை வருடத்தில் என் வேலையை அவள் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

"அந்தப் பத்திரிகைக்குப் போன் பண்ணி மாத்திச் சொல்லு. இல்லன்னா நான் போறேன்" என்றேன்.

"எங்கடி போவ? கொஞ்சம் பொறுமையா இரு. பார்க்கலாம்."

ஏப்ரல் 4

அரத்தைத் தொடவில்லை.

ஏப்ரல் 21

பத்திரிகை வந்தது. அக்கா, சம்மட்டி, நெருப்பு. ஓரத்தில் என் முழங்கை.

மே 9, வெள்ளி

வந்துவிட்டேன். தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர் கடைக்குப் பின்னால் ஒரு அறை. ஜன்னல் சின்னது, ஆனால் காலை வெயில் நேராக மேஜையில் விழுகிறது. அரங்களையும் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸையும் எடுத்துக்கொண்டேன். கொம்பு அவள் வாங்கியது, தொடவில்லை. அக்கா வாசலுக்கு வரவில்லை. மாமா பெட்டியை ஆட்டோ வரை தூக்கி வந்து, "ரெண்டு நாள்ல வந்துடுவே பாரு" என்றார். கிண்டலா, கெஞ்சலா? புரியவில்லை.

நான் இல்லாமல் தடுமாறுவாள். தடுமாறட்டும்.

ஜூலை 30

யாரும் தேடி வந்து கொத்திக்கொண்டு போகவில்லை. அக்கா பயந்தது வீண்.

செப்டம்பர் 20, சனி

அக்கம்பக்கத்துச் சமையலறைக் கத்திகள் வருகின்றன, ஆட்டம் கண்ட பிடி, கழன்ற ஆணி. ஒரு அம்மா கேட்டாள்: "இதுக்கா இவ்வளவு நேரம்? கம் போட்டு ஒட்டிக் குடுத்தா ஆச்சு." ஒட்டிக் கொடுத்திருக்கலாம். ஆணியை இழைத்துத்தான் கொடுத்தேன். யாருக்காக இந்த வீம்பு?

ஹோட்டல் வாசலில் சமையல்காரரைப் பார்த்தேன். அடையாளம் தெரிந்து நின்றார். "அக்கா சௌக்கியமா? அந்தக் கத்தி என் கையை விட்டு இறங்கறதே இல்லன்னு சொல்லும்மா" என்றார். சொல்கிறேன் என்றேன். அந்தப் பிடி நான் போட்டது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. பிச்சை கேட்பதுபோல் இருக்கும் என்று விழுங்கிவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

உப்புத்தாள் வாங்கக் கடைவீதிக்குப் போனவள், பாத்திரக்கடையின் கண்ணாடி அலமாரியில் அக்காவின் மடக்குக் கத்தியைப் பார்த்தேன். எடுத்துக் காட்டச் சொன்னேன். புதிய பிடி, ஏதோ கறுப்பு மரம். திறந்தேன். டக். மூடினேன். டக். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இடுக்கு தெரிகிறதா என்று தேடினேன். தெரியவில்லை. நகத்தால் விளிம்பைத் தடவினேன். எங்கேயும் தட்டவில்லை. இன்னொரு தடவை தேடினேன்.

நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

அலகில் அக்காவின் பெயர். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், இன்னொரு பெயர்.

"அது பிடி போட்டவர் பேருங்க" என்றார் கடைக்காரர். "செஞ்சவர் பேரு இல்லாம ஒரு கத்தியும் வெளியில போகக் கூடாதுன்னு அந்தம்மா கண்டிஷனா சொல்லிட்டாங்களாம். இந்தக் காலத்துல யாருக்குங்க இந்த மனசு வரும்?"

"ஆமாம், நல்ல மனசு" என்றேன். மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

அறைக்குத் திரும்பும்போது தையல் மெஷின்காரர், "சாப்பிட்டாச்சாம்மா?" என்று கேட்டார். ஆச்சு என்றேன். கதவைச் சாத்திக்கொண்டபோதுதான் நினைவு வந்தது, உப்புத்தாள் வாங்கவே இல்லை.