நல்ல இடத்து மண்

சேந்தமங்கலம்,
புதன்கிழமை.

அன்பு மகள் ரஞ்சிதாவுக்கு, உன் அப்பா செங்கோடன் தன் கையாலேயே எழுதுவது. எழுத்து கோணலாக இருக்கும். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வருகிறது. கோடு போட்ட தாள்தான், ஆனாலும் வரி மேலே ஏறிவிடுகிறது. பொறுத்துப் படி கண்ணு. இங்கே நானும் அம்மாவும் நலம்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் நடக்கும் முதியோர் வகுப்புக்கு நான் போவது உனக்குத் தெரியும். இப்போது எதைப் பார்த்தாலும் படிக்கத் தோன்றுகிறது. கடையில் உர மூட்டை மேல் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு நின்றேன். அம்மா, "ஏனுங்க, மூட்டைய வாங்கப் போறீங்களா, படிச்சுப்போட்டு வெச்சரப் போறீங்களா?" என்கிறாள். அவளுக்குப் பொறாமை. இந்தக் கடிதம் எழுத ஆரம்பித்து மூன்று நாள் ஆகிறது. விட மனசு வரவில்லை.

போனில் பேசினால் உன் மாமியார் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். நம் காடு, வெள்ளாமை பற்றிக் கேட்டால் பேசுகிறாய். உன்னைப் பற்றிக் கேட்டால் "நல்லா இருக்கேனுங்கப்பா" என்று அதோடு முடித்துவிடுகிறாய். அதனால்தான் இதை நீ வேலை செய்யும் தையல் கடைக்கு அனுப்புகிறேன். புனேவில் தமிழ் முகவரி செல்லாது என்று உறையின் மேல் மட்டும் வகுப்பு எடுக்கும் சத்யபிரியா டீச்சர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். உள்ளே இருப்பதை அவர் பார்க்கவில்லை.

போன மாதம் நீ, "காடு நல்லா வெளைஞ்சாச் சொல்லுங்கப்பா, நானே வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிச் சிரித்தாய். அம்மா அதை விளையாட்டு என்றாள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காடு விளைகிறது என்று உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பரபரத்துக்கொண்டே இருக்கிறது.

ஆனால் மரவள்ளி நட்டு மூன்றாம் மாதமே கொழுந்தெல்லாம் வெளுத்துவிட்டது. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். நம் ஊரில் இலை மஞ்சளானால் என்ன செய்வோம்? தங்கசாமி கோழிப் பண்ணைக்கு டிராக்டரை அனுப்பி எரு அள்ளி வருவோம். அதையே செய்தேன். பச்சை எருதான், மக்கவிடப் பொறுமை இல்லை. இன்னும் வெளுத்தது. இன்னொரு நடை எரு அடித்தேன்.

பிறகுதான் வேளாண்மை ஆபீசுக்கு மண் கொண்டுபோனேன். அங்கே மோனிஷா என்று ஒரு அம்மா இருக்கிறார். நான் எங்கே மண் எடுத்தேன் தெரியுமா? வேப்பமரத்துக்குக் கீழே. காட்டிலேயே நல்ல மண் அங்கேதான். எருவே போடாத இடம், இலை உதிர்ந்து மக்கிக் கருப்பாக, கையில் பொலபொலவென்று இருக்கும். அதைச் சலித்து, புதுப் பையில் கட்டிக்கொண்டு போனேன். முடிவு நல்லதாக வந்தால் உனக்குச் சொல்லலாமே என்ற நினைப்பு.

முடிவும் நல்லதாகவே வந்தது. ஆனால் அந்த அம்மா நம்பவில்லை. நேரே காட்டுக்கு வந்துவிட்டார். மரத்தையும் நான் மண் எடுத்த பள்ளத்தையும் பார்த்துவிட்டு, "ஐயா, நல்லா இருக்கற எடத்துல மண்ணெடுத்துக் குடுத்தா, நோவு என்னன்னு நான் எப்படிங்க சொல்றது?" என்றார். உன் அம்மா சும்மா இருப்பாளா? "பொண்ணு பாக்க வாராங்கன்னு ஊட்டுக்கு வெள்ளையடிச்சாப்ல பண்ணிப்போட்டாருங்க" என்று போட்டுக்கொடுத்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம் மர நிழல், வரப்பு ஓரம், எருக் குவித்த இடம் எல்லாம் விட்டு, காடு முழுக்கப் பல இடத்தில் குழி வெட்டி, மண்ணை ஒன்றாகக் கலந்து எடுத்தோம். ஒரு பிடி மண்ணில் ஏதோ திராவகத்தைச் சொட்டினார். சோடா மாதிரி நுரைத்தது. சுண்ணாம்பாம். முட்டைக் கோழிக்கு ஓடு கெட்டியாக இருக்கத் தீவனத்தில் கிளிஞ்சல் சேர்க்கிறார்கள். மீந்தது எருவோடு நம் காட்டுக்கு வருகிறது. வருஷக் கணக்காக அதைத்தான் கொட்டியிருக்கிறோம்.

அந்த அம்மா விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். மண்ணுக்கு ஏழு என்பது நடு. அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். நம் காடு எட்டரையைத் தாண்டிவிட்டது. தழைச்சத்து வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. இரும்புச் சத்தும் மண்ணில் இல்லாமல் இல்லை. ஆனால் காரம் ஏறிய மண் அதைக் கரையவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. வேர் பக்கத்திலேயே இருந்தும் எடுத்துக்கொள்ள முடியாது. நானோ செடிக்குப் பசி என்று நினைத்து, வயிறு நிறைந்த பிள்ளைக்கே மேலும் மேலும் ஊட்டியிருக்கிறேன்.

இப்போதைக்கு இரும்புச் சத்துள்ள அன்னபேதி உப்பைத் தண்ணீரில் கரைத்து இலை மேல் தெளிக்கச் சொன்னார். தெளித்தேன். காலையில் பார்க்கிறேன், சோறு தின்றுவிட்டுப் பார்க்கிறேன், மாடு பிடித்து வரும்போது பார்க்கிறேன். துளி பட்ட இடத்தில் மட்டும் பச்சை புள்ளி புள்ளியாக வந்திருக்கிறது. உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "செடி பாத்துப் பாத்தே வாடிப்போயிருமுங்க, செத்த நேரம் ஊட்டுக்கு வாங்க" என்றாள்.

ரஞ்சிதா, அந்த மண் விஷயம் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீ போனில் எனக்குக் காட்டுவதும் மர நிழல் மண்தானோ? போன தடவை வீடியோவில் முகத்தை மட்டும் காட்டினாய். கையைக் காட்டச் சொன்னால் சிக்னல் இல்லை என்றாய். மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ சொல்ல வேண்டும் என்றும் இல்லை.

காடு தேறக் குறைந்தது ஒரு வருஷம் பிடிக்குமாம். பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு விதைத்து, அது பூக்கும் சமயத்தில் மடக்கி உழ வேண்டும். மக்கிய மாட்டு எருதான் போட வேண்டும். ஆகவே, காடு சரியாகிவிட்டது என்று எழுத என்னால் ஆகவில்லை. பொய் எழுதவா இந்த வயதில் எழுத்துப் படித்தேன்? காடு விளைந்த பிறகு வரலாம் என்று நீ காத்திருக்காதே. விளையாத காட்டுக்கே வா.

அங்கே என்ன காரணம் சொல்வது என்று யோசிக்க வேண்டாம். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல். அவளிடம் கேட்டுவிட்டேன். "சாகக் கெடக்கறேன்னு வேணும்னாலும் சொல்லச் சொல்லுங்க" என்கிறாள். சேலத்தில் இறங்கிப் போன் பண்ணு. இல்லை, புனேவிலிருந்தே அழைத்தாலும் நான் கிளம்பி வருகிறேன். வண்டி போர்டை இப்போது நானே படிப்பேன்.

மகராசியாக இரு சாமி. அடுத்த வாரமும் இதே கடைக்கு எழுதுவேன். அதற்குள் நீ கிளம்புவதானால் ஒரு வார்த்தை சொல்லிவிடு. சொல்ல முடியாவிட்டால் சொல்லாமலே வந்துவிடு.

உன் அப்பா,
செங்கோடன்