நான் கழுவாத கல்

மார்ச் 2, ஞாயிறு

சாணைக்கல் வெள்ளையாக இருக்கிறது. நான் கழுவவில்லை.

நேற்றுப் பக்கோடாக் கடை முடிந்து வந்த அலுப்பில் கோழி வெட்டுகிற கத்தியைத் தீட்டிவிட்டு, கல்லைக் கொல்லைத் தொட்டி மேல் அப்படியே போட்டுவிட்டேன். கறுப்புக் கோடு கோடாக இருந்தது. இன்று மத்தியானம் பார்க்கிறேன், பளிச்சென்று கிடக்கிறது. இது பீங்கான் கல். வாணியம்பாடியில் தோல் வெட்டும் வேலையில் இருக்கிற என் தம்பி அன்பரசன் கொடுத்தது. இரும்புத் தூள் ஏறிவிட்டால் கத்தியைப் பிடிக்காது. அதனால் வாரம் ஒருமுறை சபீனாப் பொடி போட்டு, நாரால் வட்டம் வட்டமாகத் தேய்த்து நான்தான் கழுவுவேன்.

வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். குடித்த டம்ளரைக்கூட அலசத் தெரியாத மனுஷன் கல்லைக் கழுவினாரா? கேட்டேன்.

"எனுக்கு இன்னா தெரியும்?" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்.

மார்ச் 4, செவ்வாய்

வேண்டுமென்றே கழுவாமல் வைத்துவிட்டுக் கடைக்குச் சாமான் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் மறுபடியும் வெள்ளை.

மோந்து பார்த்தேன். புளி வாசனை.

புளி எதற்கு? துருக்கறை எடுக்கத்தான். என் கத்தியில் துரு கிடையாது. அப்படியானால் துருப்பிடித்த எதையோ இந்தக் கல்லில் தீட்டிவிட்டு, கறை தெரியாமல் கழுவி வைக்கிறார்கள். இந்த வீட்டில் துருப்பிடித்துக் கிடப்பது ஒன்றே ஒன்றுதான். பரணில் ஏறிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

மார்ச் 5, புதன்

பரணில் கோடாலி இல்லை. சுற்றி வைத்த சாக்கு மட்டும் இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

முனிசாமி இவருடைய சித்தப்பா மகன். பக்கத்து வீடு. ஆள் பிடிக்கிற மேஸ்திரி பேச்சைக் கேட்டு ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டப் போனவன், பிடிபட்டு இன்னும் ஜெயிலில் இருக்கிறான். கூட்டிப்போன மேஸ்திரி மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறான். சேதி வந்த அன்று இவர் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார், அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்று. கோடாலியைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டதும் அன்றைக்குத்தான்.

இன்று ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டில் பக்கோடா போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே அந்த மேஸ்திரி. இவர் தோளில் கை போட்டுப் பேசுகிறான்!

வீட்டுக்கு வந்து கேட்டேன். புளி விலை விசாரித்தானாம். ஏன், செம்மரத்தை விட்டுவிட்டு ஊறுகாய் போடப் போகிறானா?

சண்டை பிடித்தால் சொல்லாமல் கிளம்பிவிடுவார். அதனால் சிரித்துக்கொண்டே சோறு போட்டேன். போனா திரும்பி வருவாரா? வரலன்னா நான் எங்க போய் நிப்பேன்?

மார்ச் 9, ஞாயிறு

கல்லைக் கொடுத்தபோது அன்பரசன் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்: எண்ணெய் மட்டும் காட்டாதே, அடைத்துக்கொண்டு வழுக்கும்.

காட்டினேன். பக்கோடா பொரித்த எண்ணெய், ஒரு கரண்டி. நன்றாக ஊறவிட்டு, மேலே துணியால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பார்த்தால் தெரியாது. மொக்கைக் கோடாலியோடு எவன் கூட்டிப்போகிறான் என்று பார்க்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

முனிசாமி பெண்டாட்டி சின்னக்குழந்தை காலில் வெட்டிக்கொண்டாள்.

எங்கள் கோடாலி.

மார்ச் 12, புதன்

நேற்று எழுத முடியவில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் முனிசாமி நிலத்தில் ஒரு பட்டுப்போன பலா நிற்கிறது. அதை வெட்டி டீக்கடைகளுக்கு விறகு போட்டுத்தான் இத்தனை நாள் அடுப்பு எரித்திருக்கிறாள். அவர்கள் கோடாலி முனிசாமியோடு போலீசுக்குப் போய்விட்டது. இவரிடம் வந்து அழுதிருக்கிறாள். இவர் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். பாறையில் முனை எடுத்து, நான் இல்லாத நேரம் பார்த்து என் கல்லில் பதம் ஏற்றியிருக்கிறாள். பாத்திரம் விளக்குகிற புளிச்சக்கையால் கழுவி வைத்ததும் அவள்தான்.

என்னிடம் ஏன் மறைத்தாள்? புருஷன் உயிரோடு இருக்கும்போது பொம்பளை கோடாலி தூக்கினால் அவன் உயிருக்கு ஆகாது என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு. ஜெயிலில் அவனுக்கு ஏதாவது ஆனால் ஊரே இவள்மேல் பழி போடும். அதனால் யாரிடமும் சொல்லக்கூடாது என்று இவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டுப் படுத்திருந்தவள், "எவ்ளோ தீட்டியும் பதமே ஏறலக்கா. வெறகு மேல பட்டு வழுக்கிக்கினு கால்ல வந்துடுச்சி" என்றாள்.

எண்ணெய் ஊற்றியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. அவள் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வார்த்த என்னிய கேட்டிருக்கலாமேக்கா."

அவளை நான் எப்படிக் கேட்பேன்? அவள் ஞாபகமே எனக்கு வரவில்லையே. பக்கத்து வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

திரும்பும் வழியில் இவரிடம் மேஸ்திரியைப் பற்றிக் கேட்டேன். "கூப்ட்டான். வரலன்னுட்டேன். உன்கிட்ட சொன்னா பயப்படுவன்னு சொல்லல" என்றார். இந்த முறை முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

மார்ச் 14, வெள்ளி

கல்லைக் கழுவுகிறேன். வெந்நீர், பாத்திர சோப்பு, நார். தேய்க்கத் தேய்க்க மினுக்கு வருகிறது. தண்ணீர் விட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. அன்பரசனுக்குப் போன் போட்டேன், எண்ணெய் போக மாட்டேன் என்கிறது என்று. எப்படிப் பட்டது என்று கேட்டான். கை தவறி என்றேன்.

மார்ச் 15, சனி

இன்றும் தேய்த்தேன். சாயங்காலம் தண்ணீர் கல்லில் உருளாமல் படர்ந்து நின்றது. என் கத்தியை இழுத்துப் பார்த்தேன். கறுப்புக் கோடு விழுந்தது.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் வாசலில் உட்கார்ந்து, தெருவே பார்க்கக் கோடாலியைத் தீட்டினேன். தோளில் வைத்துக்கொண்டு ஓடை தாண்டிப் போனேன். குழாயடியில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். புருஷன் இருக்கிற இன்னொருத்தி கோடாலி தூக்குகிறாள். பேசட்டும்.

பயம் இல்லை என்று எழுதினால் பொய். முதல் வெட்டுக்கு ஓங்கிய கோடாலியைப் பாதியில் இறக்கினேன். இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதானே இத்தனை நாளும் செத்துச் செத்துப் பிழைத்தேன். திரும்பிப் பார்த்தேன். தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு, விறகு சுமக்கக் காத்து நின்றார்.

"கால தள்ளி வெச்சிக்க" என்றார்.

வெட்டினேன். நாலு கட்டு தேறியது. மூன்றை டீக்கடைக்குப் போட்டுவிட்டு, அந்தக் காசோடு ஒன்றைச் சின்னக்குழந்தை வீட்டு அடுப்படியில் இறக்கினோம்.

கல் தொட்டி மேல் கறுப்பாகக் கிடக்கிறது. நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம்.