குப்பம்மாளின் தலைமுடி குறித்து

திண்டிவனம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அமல்ராணிக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை, நானே எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை தொடங்கிய கடிதம் இது. ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் விரல் மடங்க மாட்டேன் என்கிறது. விழுப்புரத்தில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகம்தானே? எனக்கு இருமல் குறைந்திருக்கிறது.

சனிக்கிழமைதோறும் இந்த முதியோர் இல்லத்துக்கு வெண்ணிலா டீச்சர் வந்து எழுதப் படிக்கச் சொல்லித் தந்தார் அல்லவா? பதினொரு பேர் உட்கார்ந்தோம். கண் தெரியவில்லை, கை நடுங்குகிறது என்று ஒவ்வொருவராக எழுந்து போக, நான் ஒருவன் மிச்சம். எழுபத்து மூன்று வயதில் பரீட்சை எழுதித் தேறிவிட்டேன். மாத்திரை அட்டை, அரிசி மூட்டை, ஒன்றையும் விடாமல் படிக்கிறேன். படிக்கப் போய்த்தான் இந்தக் கவலையும் வந்தது.

போன வாரம் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். வரும் சனிக்கிழமை முடி வெட்ட வேண்டியவர்கள் என்று ஏழு பெண்கள் பெயர். மூன்றாவது பெயர் குப்பம்மாள். மேல்மலையனூர்க்காரர். ஒரு பக்கம் கை கால் வராது. மற்ற கையாலேயே அரை மணி நேரம் தலை வாரிக்கொள்வார். போன மாதம் தையல்நாயகி அம்மாவுக்கு இப்படித்தான் கேட்காமலே ஒட்ட வெட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் முக்காடு போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார், சாப்பாட்டுக்குக்கூட ஹாலுக்கு வருவதில்லை.

தாளில் இருந்ததைக் குப்பம்மாளிடம் சொன்னேன். "பேனு கெடையாது, சிக்கு கெடையாது. வேணாம்னு ரெண்டு வாட்டி சொல்லிட்டேன், யாரு காதுல வாங்கினாங்க? மாத்திரை அட்டையெல்லாம் படிச்சுக்கினு திரியிறியே அந்தோணி, இத எழுது பாப்போம்" என்றார்.

ஹாலில் ஒரு புகார்ப் பெட்டி தொங்குகிறது. பெயர் எழுதத் தேவையில்லை என்று அதன் மேலேயே போட்டிருக்கிறது. மாதம் ஒருமுறை விழுப்புரத்திலிருந்து அதிகாரி வந்து திறப்பார். இதுவரை பல்லி முட்டையைத் தவிர எதுவும் கிடைத்ததில்லையாம். நான் எழுதினேன். குப்பம்மாளுக்கு முடி வெட்ட இஷ்டமில்லை, வெட்டுவதற்கு முன் ஒவ்வொருவரையும் கேளுங்கள், ஆயா ரோஸ்லின் ஒருத்தியே இருபது பெண்களுக்குத் தலை வார முடியாது, கூட ஒரு ஆள் போடுங்கள் என்று.

பெட்டி முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. எங்கள் நாற்பது பேரில் பேனா பிடிக்கிறவன் நான் ஒருவன்தான். படித்தவர்கள் இரண்டு பேர், இருவருக்கும் கை ஓடாது. பெயரை விட்டாலும் போட்ட மாதிரிதான். தாளைப் பிரித்து, கீழே முழுப் பெயரும் எழுதிப் போட்டுவிட்டேன்.

மறுநாள் மேனேஜர் கட்டில் பக்கம் வந்து, "என்னா தாத்தா, பேனா நல்லா எழுதுதா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். தெரிந்து கேட்டாரா, சும்மா கேட்டாரா என்று தெரியவில்லை. ரோஸ்லினிடம் சொன்னேன். "ஒனக்கு ஏன் இந்த பேஜாரு? காலி பண்ணச் சொன்னா எங்க போவ?" என்று ரோஸ்லின் கேட்டாள். ஆனாலும் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பவள் அவள்தான். ஆபீஸ் போனில் மேனேஜர் எதிரில் இதையெல்லாம் பேச முடியாதம்மா.

இங்கே சேரும்போது நீ நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று நீயும் படித்துப் பார்க்கவில்லை, எனக்கு அப்போது படிக்கவும் தெரியாது. அது போகட்டும்.

வரும் வெள்ளிக்கிழமை, முடி வெட்டுவதற்கு முந்தின நாள், பெட்டியைத் திறப்பார்கள். உனக்கு போன் வரலாம். உன் வீட்டில் இரண்டு அறைதான், உன் மாமியார் வேறு படுக்கையில். எனக்குத் தெரியாதா? அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிடுவார்களோ என்று நீ பயப்படுவாய். எனக்கும் அந்தப் பயம்தான். அந்தப் பயத்தில், வயதானவர், தெரியாமல் எழுதிவிட்டார், மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதே. நான் தெரிந்துதான் எழுதினேன். "ஆமா சார், எங்கப்பா எழுதினதுதான்" என்று சொல். அது போதும்.

உன்னையும் பிள்ளைகளையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சூ. மரியஅந்தோணி
(கையெழுத்து)