மீமுரே ஏற்றமும் நான் சொன்ன பொய்யும்

மச்சான்,

இன்று காலை கண்டியில் மஹய்யாவ சந்திக்குப் பக்கத்தில் சீமெந்து ஏற்றிய லொறி ஒன்று ஏற்றத்தில் திணறி நின்றது. கிளட்ச் கருகும் வாடை தெரு முழுக்கப் பரவியது. மரக்கறிப் பையோடு வந்துகொண்டிருந்த நான் பக்கத்துக் கடைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்து, "பிரஷரா ஐயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதுவும் பொய்தான்.

நீ போய் ஏழு மாதமாகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் முழுதாகப் பேசாத விஷயத்தை இப்போது எழுதுகிறேன்.

அந்தப் பழைய ஜீப்பை நான் வாங்கிய வருடம் உனக்கு நினைவிருக்கும். நான் கந்தோரில் கிளார்க். லைசன்ஸ் எடுத்து நாலு மாதம்கூட ஆகவில்லை. நீ கலஹா - கண்டி பஸ்ஸைப் பதினொரு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தாய். தெல்தோட்டைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்த நாளிலிருந்து நான் எதை வாங்கினாலும் முதலில் உன்னிடம்தான் காட்டுவேன். ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இஞ்சின் நல்லாத்தான் இருக்கு. ஓட்டுறவன்தான் பழகணும்" என்றாய். நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

அதனால்தான் மீமுரேக்குப் போவோம் என்று நான் அடம்பிடித்தேன். மலைகள் நாலு பக்கமும் சுவர்போல நிற்க, ஆழமான கிடங்குபோலக் கிடக்கும் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போகிற பாதையில் ஜீப்பை ஓட்டிக் காட்டிவிட்டால் பிறகு நீ எதுவும் சொல்ல மாட்டாய் என்று நினைத்தேன். "மழ விட்ட பொறகு போவோமே" என்று நீ சொன்னாய். நான் கேட்கவில்லை.

ஹுன்னஸ்கிரியவில் பெரிய ரோட்டை விட்டுத் திரும்பியதும் பாதை ஒடுங்கியது. லூல்வத்தவைத் தாண்டிய பிறகு அதைப் பாதை என்றே சொல்ல முடியாது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பார்த்தால் தலைசுற்றும் பள்ளம், நடுவில் மழைத்தண்ணீர் அரித்த கற்கள். ஒவ்வொரு வளைவிலும் நீ இறங்கி முன்னால் நடந்து, கையைக் காட்டிக் காட்டி என்னைக் கூட்டிப்போனாய். காலில் அட்டை ஏறியதைக்கூட நீ கவனிக்கவில்லை. அன்றிரவு மீமுரேயில் ஒரு வீட்டில் தங்கினோம். வீட்டுக்காரர் கித்துள் மரத்துக் கள் கொண்டுவந்து வைத்தார். நீ பிளேன்டீ கேட்டு வாங்கிக் குடித்தாய். மகள் பிறந்த அன்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து குடியை விட்டவன் நீ. நாம் மீமுரே போனபோது அவளுக்கு ஐந்து வயது. கள்ளைக் குடித்தது நான் மட்டும்தான்.

மறுநாள் முற்பகல் திரும்பும்போது ஏற்றம் ஒன்றில் பின்சக்கரம் சேற்றில் சுற்றியது. நீ இறங்கினாய்.

"சில்லுக்குக் கல்லு வக்கிறேன். நான் சொல்ற வரைக்கும் பிரேக்ல இருந்து கால எடுக்காத."

ஒரு கல்லை வைத்துவிட்டாய். இரண்டாவதை எடுக்கக் குனிந்தாய். கண்ணாடியில் உன் முதுகு தெரிந்தது. இந்த ஏற்றத்தையாவது உன் சொல்லில்லாமல் ஏறிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வீம்பு எழுந்தது. காலை எடுத்து அக்சலேட்டரை மிதித்தேன். ஜீப் கிளட்ச் கருகும் வாடையோடு ஒரு முழம் முன்னால் போய், குலுங்கி, இஞ்சின் நின்றது. மறுபடி பிரேக்கை மிதிப்பதற்குள் நீ வைத்த கல்லையும் தள்ளிக்கொண்டு பின்னால் உருண்டுவிட்டது. பாறைக்கும் பம்பருக்கும் நடுவில் உன் இடது முழங்கால்.

நீ கத்தவில்லை. "முன்னால எடு" என்று மட்டும் சொன்னாய்.

மிளகு மூட்டை சுமந்துவந்த இரண்டு பேர் உன்னைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். வயதானவர் தன் துவாயைக் கிழித்து, இரண்டு கம்புகளை வைத்துக் காலைக் கட்டினார். என் கையைப் பிடித்து, "பய வெண்ட எப்பா மாத்தயா" என்றார். பயப்பட வேண்டாம் என்று அவர் எனக்குத்தான் சொன்னார், உனக்கல்ல.

அங்கிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நான்தான் ஓட்டினேன். உண்மையில் ஓட்டியது நீ. பின்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு, "செகண்ட்ல போடு... ஒடிக்காத... இப்ப விடு" என்று ஒவ்வொரு வளைவுக்கும் சொல்லிக்கொண்டே வந்தாய். தெல்தெனியவைத் தாண்டியதும்தான் வேறு பேச்சுப் பேசினாய்.

"கல்லு வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிரு. போலிஸ் கேஸுன்னு வந்தா ஒன் வேலைக்குக் கரச்சல்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதோடு நின்றிருந்தால் அது நீ எனக்குச் செய்த உதவியாக மட்டும் இருந்திருக்கும். உன் மனைவி பின்னேரம் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். வாட்டு வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தினாள். "பதினோரு வருசமா மலையில பஸ் ஓட்டுறவரு கல்லுல வழுக்கி விழுவாரா? உண்மைய சொல்லுங்க அண்ணே. குடிச்சிருந்தாரா?"

இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம் வரும். "கொஞ்சம்" என்றேன்.

அந்த ஒரு சொல்தான், மச்சான்.

முழங்கால் பிறகு மடங்கவே இல்லை. பஸ் கிளட்சை மிதிக்க முடியாமல் போனது. கலஹா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து, மற்றவர்கள் ஓட்டும் பஸ்களுக்கு இருபத்திரண்டு வருடம் நேரம் எழுதினாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு வீட்டில் தெரியவந்த பிறகு ஒருநாள் உன்னைப் பார்க்க வந்தேன். மாற்றிச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "இனி சொன்னா யாரு நம்புவா, விடு" என்றாய். நான் விட்டுவிட்டேன். நீ அப்படிச் சொல்வாய் என்று தெரிந்துதான் கேட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

உன் செத்த வீட்டிலும் அவள் அதையேதான் சொல்லி அழுதாள். "பிள்ள தலையில அடிச்ச சத்தியத்த மீறாம இருந்திருந்தா..." நான் கூட்டத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தெல்தோட்டையில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மகளும் கொழும்பிலிருந்து வந்திருந்தாள். இரண்டு பேரையும் உட்காரச் சொல்லி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததையும், கள்ளைக் குடித்தது யார் என்பதையும், வாட்டு வாசலில் சொன்ன அந்தச் சொல்லையும்.

மகள் கேட்டாள். "அப்பா அன்னிக்குக் குடிக்கலையா மாமா?"

"ஒரு சொட்டும் இல்லம்மா."

"முந்தின நாளு?"

"பிளேன்டீதான் குடிச்சான்."

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உன் மனைவி சாத்திய கதவைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அவரு ஏன் என்கிட்ட சொல்லல?"

"எனக்காகத்தான் தங்கச்சி."

"உங்களுக்காக" என்றாள். "என்கூடத்தானே அண்ணே குடும்பம் நடத்துனாரு. அவரு எழுந்தாலும், உக்காந்தாலும், காலு வலிக்குதுன்னாலும், நீங்களா தேடிக்கிட்டதுதானேன்னு சொல்லிருக்கேன். கடைசி மாசம்கூட சொன்னேன். அதையெல்லாம் இப்ப நான் எங்க கொண்டு போயி வைக்கிறது?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தித் தடுத்துவிட்டாள்.

பஸ்ஸுக்கு நான் தனியாகத்தான் நடந்து வந்தேன். அவள் என்னை மன்னிக்கவில்லை, மச்சான். நீ மன்னித்தாயா என்றும் எனக்குத் தெரியாது. வலியில் முனகிய உன்னைப் பார்த்து அவள் இருபத்திரண்டு வருடம் சொன்ன அந்த வார்த்தை எனக்கு உரியது. நீங்களா தேடிக்கிட்டதுதானே. அவள் குரலிலேயே அது எனக்குக் கேட்கிறது. யார் சொன்னாலும் இதை மட்டும் நான் இறக்கி வைக்கப்போவதில்லை.