பூனை தூங்கினால் திறக்கும் கதவு

மதினி,

நேற்று மத்தியானம் உங்கள் மகள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அத்தை, இந்தப் பூனையப் பாருங்களேன்" என்றாள். சாம்பல் நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருந்தது. நம்முடைய பூனையேதான். அந்தப் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு இப்போது போனுக்கும் வந்துவிட்டதாம்.

நாம் அதை விளையாடிய காலத்தில் நான் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துப் பட்டாசு லேபிள் டிசைன் செய்துகொண்டிருந்தேன். யாரோ இரவல் கொடுத்த சிடியில் அந்த விளையாட்டு இருந்தது. ஒரு பழைய வீட்டுக்குள் பூனை அறை அறையாக வழி கண்டுபிடித்துப் போகும். சண்டை கிடையாது, சாவு கிடையாது. நாரணாபுரம் பட்டாசு ஆலையில் வேலை முடிந்து வந்ததும் நீங்கள் என் பக்கத்தில் உட்காருவீர்கள். நகக்கண்ணில் வெடிமருந்தின் அலுமினியப் பொடி மின்னும். மவுசை மட்டும் தொடமாட்டீர்கள். "என் கை மருந்துக்கை தாயி, நீயே அமுக்கு" என்பீர்கள். வழி கண்டுபிடித்ததெல்லாம் நீங்கள்தான், நான் வெறும் விரல்.

நான்கு மணிகள் தொங்கும் கதவில் மாட்டிக்கொண்டோம். எந்த வரிசையில் அடித்தாலும் திறக்கவில்லை. அந்த வாரம்தான் உங்களுக்கு மூச்சு முட்டி, மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்க வந்ததும் எழுந்து உட்கார்ந்தீர்கள்.

"கண்டுபிடிச்சிட்டேன். மணியத் தொடாத, மவுசயும் தொடாத. பூனை சும்மா கெடந்து தூங்கட்டும், கதவு தானாத் தொறக்கும். நாங்க சரக்க வெயில்ல காயவச்சிட்டு ஒதுங்கி நிப்போம்ல, அது மாதிரி."

மதினி, அதற்கு இரண்டு நாள் முன்பே கம்ப்யூட்டரில் வைரஸ் ஏறிவிட்டது. தீபாவளி சீசன், லேபிள் ஆர்டர் தலைக்கு மேல் கிடந்தது. என் அவசரப் புத்தி உங்களுக்குத் தெரியுமே, யோசிக்காமல் எல்லாவற்றையும் அழித்தேன். விளையாட்டும் போயிற்று. சிடி எப்போதோ கைமாறியிருந்தது. அதைச் சொல்ல வாய் வராமல், பார்க்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, "தொறந்துச்சா?" என்றீர்கள். ஆமாம் என்றால் உள்ளே என்ன இருந்தது என்று கேட்பீர்கள். "இல்ல மதினி, தொறக்கல" என்றேன்.

உங்கள் முகம் வாடிவிட்டது. "அப்ப சும்மா கெடந்தா ஒண்ணும் நடக்காதாக்கும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். அதன்பிறகும் வாரத்துக்கு ஒரு வழி சொன்னீர்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். ஐந்தாவது ஞாயிறு வருவதற்குள் நீங்கள் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள்.

நேற்று அதே கதவு. உங்கள் மகள் மணிகளைத் தட்டித் தட்டிச் சலித்துப்போனாள். நான் போனை வாங்கி மேசைமேல் வைத்து, "தொடாத" என்றேன். பூனை நெளிந்தது, கொட்டாவி விட்டது, சுருண்டு படுத்தது. கதவு திறந்தது. உள்ளே வெயில் விழுந்த ஒரு முற்றம், ஒரு கிண்ணம் பால். அவ்வளவுதான்.

"ஒங்களுக்கு எப்படி அத்தை தெரியும்?"

"ஒங்க அம்மா கண்டுபிடிச்சது."

"அப்ப அம்மா இந்த முற்றத்தப் பாத்தாங்களா?"

"பாத்தாக" என்றேன்.

அன்று உங்களிடம் ஒரு பொய், இப்போது உங்கள் மகளிடம் இன்னொன்று. அவளிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அதற்கு முன்னால் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். கதவு திறந்தது மதினி. நீங்கள் முதலில் சொன்னதே சரி.